மூலையில் ஒரு குங்குமப் பொட்டு

உங்கள் வீட்டுச் சாவியை ஒருவர் கேட்டால் கொடுப்பீர்களா, அதுவும் கேட்கிறவர் அந்த வீட்டையே கட்டி அதில் உங்களை உட்காரவைத்தவராக இருந்தால்? சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்த ஒரு கேள்வியைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன், தயிர்சாதத்தைக்கூட இவ்வளவு நேரம் மென்றதில்லை. கண்ணெதிரே கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. பார்க்கத்தான் கோடு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஸ்வீடன் நாட்டுக் கடைகளில் விற்கப்போகிற மேசைவிரிப்பு, ஏப்ரன், அடுப்படிக் கையுறை எல்லாவற்றின் டிசைனும் அளவும் விலையும் சேர்த்துக் கட்டிய மூட்டை அது. கரூர் வெங்கமேட்டில் எங்கள் கம்பெனியின் கண்ணாடி ரூமிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. கோடு வலது ஓரத்தைத் தொட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, உலையில் அரிசியைப் போட்டுவிட்ட மாதிரி பக்கத்தில் இருந்தால் போதும். போதும்தான், ஆனால் முதலாளி நாச்சிமுத்து அய்யா வருவார். நேற்றுச் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னார், “அம்மணி, அந்த சர்வர்ச் சாவிய நாளைக்கு எனக்கும் ஒருக்கா சொல்லிரு. என்ற கம்பெனியில எங்கிட்ட இல்லாத சாவி எதுக்குங்கறேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே “ஆகட்டுங்கய்யா” என்றுவிட்டேன். வாய் சொன்னதை மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, பாஸ்வேர்டு. கோயமுத்தூரிலிருந்து சர்வர் போட வந்த ரியாஸ்தான் அதற்குச் சாவி என்று பேர் வைத்தார். “உங்க சாவி உங்களுக்கு மட்டுந்தான் மேடம், பல் வெளக்கற பிரஷ் மாதிரி” என்றார். என்னை யாரோ மேடம் என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் அடுத்து அவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை, மறுபடி கேட்டேன். “டிசைன வாட்ஸப்புல அனுப்புனாப் போகாதுங்களா?” “போகும் மேடம், எல்லார்கிட்டயும் போகும்.” பிறகு அவர் சொல்லச்சொல்ல நான் எனக்குப் புரிகிற மாதிரி அடுக்கிக்கொண்டேன். சர்வர் என்பது கோயில் உண்டியல். போடுகிறவர் போடலாம், போட்டதை இன்னொருத்தர் கைவிட்டு எடுக்க முடியாது, சாவிக்காரர் வந்துதான் திறக்க வேண்டும். யார் வந்தார், எதைத் தொட்டார், எப்போது தொட்டார் என்று அதுவே குறித்துக்கொள்ளும், அழிக்கச் சொன்னாலும் அழிக்காது. வழியில் எவனாவது மூட்டையைப் பிரித்தால் வெறும் நூல்சிக்குதான் கையில் வரும், ஸ்வீடன் போய் அங்கே சரக்கு வாங்குகிற அம்மாள் சாவியைப் போட்ட பிறகுதான் சிக்கு மறுபடி துணியாகும். இதைச் சொன்னதும் ரியாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு “கிட்டத்தட்ட அதான் மேடம்” என்றார். கிட்டத்தட்ட என்பது எனக்குப் போதும், சமையலே கிட்டத்தட்டதானே. ஆனால் எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு சாவி என்ற வழக்கமே கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, அய்யா முதன்முதலாக வாங்கிய லாரியின் நம்பர். கம்ப்யூட்டருக்கு அது, வைஃபைக்கு அது, கைரேகை மிஷினுக்கு அது, பீரோவின் நம்பர் பூட்டுக்கும் அது. அந்த லாரி இன்னும் ஓடுகிறது, நெற்றியிலும் முதுகிலும் அதே நம்பரை மாட்டிக்கொண்டு கரூர் பூராவும் தினம் சுற்றிவருகிறது. இப்படி ஒரு ரகசியத்தை வேறு எந்த ஊரிலாவது டீசல் போட்டு ஓட்டுவார்களா. சர்வரில் அய்யாவுக்கும் தனிச் சாவி போட்டுக்கொடுத்தார் ரியாஸ். அய்யா அதை மறந்துவிட்டு லாரி நம்பரை அடித்தார், திறக்கவில்லை, மறுபடி அடித்தார், மறுபடி, சர்வர் அவர் பேரையே பூட்டிவிட்டது. “ஊட்டுக்காரனையே வாசல்ல நிக்கவெக்குது பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். ரியாஸுக்கு ஒரு போன் போட்டால் அவர் சாவியைப் புதுப்பித்துத் தருவார். அதற்குப் பதில் அய்யா என் சாவியைக் கேட்கிறார், பக்கத்தில் இருப்பது சுலபம் என்று. என் சாவியில் அவர் நுழைந்தால் சர்வர் என் பேரைத்தான் எழுதிக்கொள்ளும்.

கோடு காலே அரைக்கால்தான் வந்திருக்கிறது. எறும்பு வெல்லத்தை இழுக்கிற வேகம். இந்த உண்டியல் எல்லாம் எதற்கு வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு முட்டும், அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு சீசனுக்கும் முதல் பீஸ் தையல் மிஷினிலிருந்து இறங்கியதும் அதை மடித்து அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். மூலையில் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவார்கள், தையல் பக்கமிருந்து எல்லோரும் வந்து தொட்டுக் கும்பிடுவார்கள். அந்த பீஸ் எந்தப் பெட்டியிலும் போகாது, கடைசிப் பெட்டி கப்பல் ஏறும்வரை படத்தடியிலேயே இருக்கும். இவ்வளவோடு நின்றால் வம்பில்லை. அய்யா அதை போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைப்பார், கைகூப்புகிற படம் போட்டு, ‘முதல் பீஸ்’ என்று எழுதி. யார் யார் பார்த்தார்கள் என்று அன்றைக்கெல்லாம் விரலால் தள்ளித்தள்ளிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிள்ளை பிறந்த சேதியைச் சொல்கிற மாதிரிதான், அதில் கள்ளம் எதுவும் இல்லை. போன சீசனில் அந்தப் பிள்ளையை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஸ்வீடன்காரம்மா கடை திறக்கும் முன்னாலேயே ஒரு ஆன்லைன் கடையில் அதே கலைமான், அதே பனிமரம், அதே பார்டர், பாதி விலையில் வந்துவிட்டது. அந்த அம்மாள் பேர் மரியா, தையல் பக்கத்தில் மாரியம்மா என்றால்தான் தெரியும். மாரியம்மா அந்தத் துணியின் போட்டோவை எங்களுக்கு அனுப்பி ஒரே ஒரு வரி கேட்டிருந்தார், எங்கள் டிசைனில் இல்லாத இந்தச் சின்னச் சிவப்பு வட்டம் மூலையில் எப்படி வந்தது என்று. திருடினவன் போட்டோவைப் பார்த்துக் குங்குமத்தையும் டிசைன் என்று நினைத்து அச்சடித்திருக்கிறான். ஒவ்வொரு மேசைவிரிப்பிலும், ஒவ்வொரு மூலையிலும் தவறாமல் ஒரு பொட்டு. அய்யா கண்ணாடியை மாட்டினார், திரைக்குக் கிட்டே போனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு சின்னக் குரலில், “அது நம்ம குங்குமங்க” என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல்.

மாரியம்மா நல்ல மனுஷி, உடனே விட்டுப் போய்விடவில்லை. இனிமேல் எல்லாம் சர்வர் வழியாகத்தான், ஆளுக்கொரு சாவி, இன்னொரு முறை டிசைன் வெளியே கசிந்தால் வேறு ஊர் பார்த்துக்கொள்வேன் என்று எழுதினார். வேறு ஊர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாதித் தையல் மேசைகள் அந்த அம்மாளின் ஆர்டரால்தான் ஓடுகின்றன. இதோ ராசாமணி அக்கா நூல் சுற்றின பாபினை மாற்றுகிற சாக்கில் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துப் பார்க்கிறாள். கதவைக் கொஞ்சம் திறந்து, “ஏன் கோகிலா, ஏசியில உக்காந்து கோட்டப் பாக்கறதுக்கா உனக்குச் சம்பளம்? நானும் ஒரு கோடு போட்டுக் குடுக்கறேன், பாரு” என்கிறாள். “உங்க கோடு கோணலாப் போகுங்கக்கா” என்கிறேன். “என்ற கோடு கோணலாப் போனா மாரியம்மா திருப்பியனுப்பிருவா. உன்ற கோடு கோணலாப் போனா நம்ம அல்லாரையும் அனுப்பிருவா, பாத்துக்க.” சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள், ஆனால் போகவில்லை, நிற்கிறாள். போன வருஷம்வரை நானும் அந்தப் பக்கம்தான், பிசிறு வெட்டுகிற மேசையில், மடியில் நூல்துண்டுகளோடு. இந்த நாற்காலியில் இருந்த ஷர்மிளா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது அய்யாதான் என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் படித்தேன் என்பது ஒரு காரணம், ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. “இந்த அம்மணி பொழுதன்னிக்கும் பேசும். ஆனா ஒரு விசயமும் அதுகிட்ட இருந்து வெளிய வராது.” அதை ஒரு மெடல் மாதிரி உள்ளே குத்திக்கொண்டிருக்கிறேன். விசயம் வெளியே வராதவள் என்று இங்கே உட்காரவைத்தவரே இப்போது அந்த விசயத்தைக் கேட்டு வருகிறார். கொடுத்தால் நான் அவர் சொன்ன ஆள் இல்லை, கொடுக்காவிட்டாலும் அவருடைய ஆள் இல்லை. பிசிறு வெட்டுகிற மேசை ஒன்றும் கேவலம் இல்லை, நாளைக்கே போய் உட்காருவேன், ஆனால் மேசை இருக்க வேண்டுமே.

அய்யாவுக்கு எப்படிச் சொல்வது. மறந்துபோச்சுங்கய்யா எனலாம், ஆனால் மறந்திருந்தால் இந்தக் கோடு எப்படி ஓடுகிறது என்பார். ரியாஸ் திட்டுவாருங்கய்யா எனலாம், ரியாஸுக்குச் சம்பளம் கொடுக்கிறது யார் என்பார். இல்லை, கேட்கவே மாட்டார், சும்மா நிற்பார், அவர் சும்மா நின்றால் வாய் தானாகத் திறக்கும், வீட்டில் என் மகள் பாப்பா முன்னால் வந்து சும்மா நின்று மிட்டாய் வாங்கிக்கொள்கிற மாதிரி. பாப்பா இதழினி இருக்கிறாளே, அவளிடம் யாருக்கும் சொல்லாதே கண்ணு என்றால் போதும், அடுத்த நிமிஷம் தெருமுனைக்குப் போய்விடுவாள். “எங்கம்மா அரிசி டின்ல சாக்லேட் ஒளிச்சு வெச்சிருக்காங்க, யாருக்கும் சொல்லக்கூடாதாம்” என்று பால்காரரிடம் சொல்லியிருக்கிறாள். நான் சொன்னதைத்தான் அவள் சொன்னாள், கெடுக்க நினைக்கவில்லை, இனிப்பு இருக்கிறது என்ற சந்தோஷம் தாங்கவில்லை. அய்யாவுக்கும் அதேதான். சாவி போடும்போது ரியாஸ் சொன்னார், புள்ள பேரு, பொறந்த நாள் எல்லாம் வெக்காதீங்க மேடம், எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்தது, பாப்பாவோட அப்பா அவள் முதல் பிறந்த நாளுக்கு நாலு ரோட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார், பேர், தேதி, கிரீடம் வைத்த முகம் எல்லாம் ஆளுயரத்துக்கு. சர்வரை உடைக்க வருகிறவன் பஸ்ஸில் போகும்போதே படித்துக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் தெரியாத ஒன்றை வைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது, வீட்டில் எல்லோரும் அதை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான் மட்டும் காதோடு வேறு ஒரு பேர். ஐயோ, பாதியைச் சொல்லிவிட்டேனா. ஆடு என்றா சொன்னேன், அது ஆடாக இருக்க வேண்டும் என்று இல்லை, கன்றுக்குட்டியாகவும் இருக்கலாம். பேரை மட்டும் நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றதும் அது காதை ஆட்டிக்கொண்டு நெஞ்சுக்குள் துள்ளுகிறது, முதல் எழுத்து நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். வேறு எதையாவது நினை, சாயங்காலம் கீரை வாங்க வேண்டும், பாப்பாவின் சட்டைக்குப் பட்டன் தைக்க வேண்டும், அவளைப் பால்வாடியிலிருந்து கூட்டிவரும்போது அந்தக் குட்டியைப் போலவே ஓடிவருவாள், பார், மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறேன்.

ஃபேன் நின்றது. வெளியே தையல் மிஷின்களின் சத்தம் ஒரே மூச்சில் அடங்கியது, கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் முழித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் நெட் பெட்டியின் விளக்குகள் அணைந்துவிட்டன, கோடு பாதியைத் தாண்டி ஓர் இடத்தில் அப்படியே நிற்கிறது. அவ்வளவுதானா, பாதி மூட்டை கடல் நடுவில் மிதக்கிறதா, எவனாவது படகு கட்டிக்கொண்டு போய் அள்ளிக்கொள்வானா. கண்ணாடிக்கு அப்பால் எல்லோரும் மேசையை விட்டு எழுந்து முந்தானையால் விசிறிக்கொண்டு இந்தப் பக்கமே பார்க்கிறார்கள், அவர்கள் பார்ப்பது காற்று வருகிற ஜன்னலையாகவும் இருக்கலாம், எனக்கு என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஒரு தரம் கரண்ட் போனது. வலி பாதியில் இருந்தது, நர்ஸம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, “பயப்படாத, உட்ட எடத்துல இருந்துதான் மறுபடி வரும்” என்றார், வலியைத்தான் சொன்னார், சொன்னபடி விட்ட இடத்திலிருந்துதான் வந்தது, கடைசியில் பாப்பாவும் வந்தாள். ரியாஸும் அதே வார்த்தையைத்தான் சொன்னார் என்று இப்போது ஞாபகம் வருகிறது. “நடுவுல அறுந்துபோனாப் பதறாதீங்க மேடம், சர்வர் எதுவரைக்கும் வாங்குச்சோ அத வெச்சிருக்கும், உட்ட எடத்துல இருந்து மறுபடி எடுக்கும்.” மூச்சை இழுத்துவிட்டேன். ஜெனரேட்டர் பின்பக்கம் இருமியது, ஃபேன் சுழன்றது, நெட் பெட்டி ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. மறுபடி என்பதை அழுத்தினேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு பச்சைக் கோடு நின்ற இடத்திலிருந்தே, ஒரு நூல்கூடப் பின்வாங்காமல், நகர்ந்தது. கண்ணாடியில் ராசாமணி அக்காவைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் பதிலுக்கு பாபினைத் தூக்கிக் காட்டினாள்.

கோடு வலது ஓரத்தைத் தொட இன்னும் கொஞ்சமே இருந்தபோது கதவு திறந்தது, சூட வாசனை முதலில் வந்தது, பின்னால் அய்யா. ஒரு கையில் மடித்த மேசைவிரிப்பு, இந்த சீசனின் முதல் பீஸ், மூலையில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. இன்னொரு கையில் போன். இன்றைக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும், சாவியை நினைத்ததில் மறந்தேவிட்டேன். “சாமி கும்பிட்டாச்சு அம்மணி” என்றார். “ரொம்ப நல்லதுங்கய்யா.” அவர் நாற்காலியில் உட்காரவில்லை. போன் திரையில் போட்டோ நிற்கிறது, கைகூப்புகிற படம்கூடப் போட்டு வைத்திருக்கிறார், பெருவிரல் அதன்மேல் தவிக்கிறது. “வருசா வருசம் வெச்சுப் பழகிருச்சு. கை நமநமங்குது” என்றார், சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. “ஒரு அஞ்சு நிமிசம் வெச்சுட்டு எடுத்துரலாமா?” இதுதான் அந்த இடம், சும்மா நிற்கிற இடம். வாய் திறந்தது, ஆனால் வந்தது நான் இவ்வளவு நேரம் யோசித்த எதுவும் இல்லை. “அய்யா, அந்த போட்டோவ எங்கிட்ட குடுங்க. மாரியம்மாவுக்கு அனுப்பலாம். சர்வர்ல.” அவர் என்னைப் பார்த்தார். “அவ எதுக்குப் பாக்கறா இதெல்லாம்?” “அவங்க பிள்ளைதானுங்கய்யா இது. மொதல்ல அவங்கதான பாக்கோணும்.” சொன்ன பிறகுதான் இப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

அய்யா போனை நீட்டினார். சார்ஜர் வயரைச் செருகிப் போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு எடுத்தேன். அதற்குள் பச்சைக் கோடு ஓரத்தைத் தொட்டு, மூட்டை போய்ச் சேர்ந்தது என்று எழுதிக் காட்டியது, அதைக் கொண்டாடக்கூட நேரம் இல்லை. போட்டோவை அதே உண்டியலில் போட்டேன், சின்னது, கண் இமைப்பதற்குள் போய்விட்டது. “போன்ல இருக்கறத அழிச்சர்லாங்களா அய்யா?” என்றேன். “இரு, கண்ண மூடிக்கறேன்” என்று நிஜமாகவே மூடிக்கொண்டார். அழித்தேன். பிறகு அவர் கண்ணைத் திறந்து, ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுக் கேட்கிற அதே குரலில் கேட்டார், “பாத்துட்டாளா?” சர்வர் குறித்துவைக்கிற பக்கத்தைத் திறந்து காட்டினேன். அதில் என் பேர்தான் இருந்தது, போட்டது கோகிலவாணி என்று. அய்யா குனிந்தார், சூடமும் வியர்வையும் கலந்த வாசனை, கதவிடுக்கில் ராசாமணி அக்காவின் தலை. ஸ்வீடனில் அது காலை நேரம், அந்த அம்மாள் காபி குடித்துக்கொண்டிருக்கலாம், பனி விழுந்துகொண்டிருக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இன்னும் வராமல்கூட இருக்கலாம். ஒன்றும் வரவில்லை. பக்கத்தை மறுபடி புதுப்பித்தேன், ஒன்றும் இல்லை. “போச்சாட்டம் இருக்குது” என்றார் அய்யா. இன்னொரு தரம் அழுத்தினேன். என் பேருக்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது, திறந்தது மரியா. முதல் பீஸைத்தான் முதலில் திறந்திருந்தார், பெரிய மூட்டையைக்கூட இல்லை. அய்யா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார், திரையில் லேசாகக் குங்குமம் ஒட்டியது. “ஒருத்தி பாத்திருக்கா” என்றார், “ஆனா பாக்க வேண்டியவ பாத்திருக்கா.” முகம் சீசன் தொடங்கிய முகமாக மாறியிருந்தது. மேசைவிரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவுவரை போனவர் நின்றார், ஆட்டுக்குட்டி என் நெஞ்சுக்குள் காதை நிமிர்த்தியது. அவர் திரும்பி வந்து, வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“அம்மணி, ஒண்ணு கேக்கறேன், எனக்காகச் செய்யோணும். உன்ற சாவிய எங்கிட்ட மட்டும் சொல்லிராத சாமி. நானே நாளைக்கு வந்து நின்னு கேட்டாலும் சொல்லிராத.”